மூடினவரே திறக்க வேண்டும்

குஃப்ரா, லிபியா
1990 அக்டோபர் 6, சனிக்கிழமை, காலை ஐந்தே முக்கால்
பஸ்மா பிறந்து இருபத்தொரு நாள். அவளை நான் பார்த்தது பத்து நாள்.

நவ்வாரா,

சலாம். நான் நலம். நீ, பஸ்மா, அம்மாவின் முட்டி, எருமை, எல்லாம் நலமா? இங்கே கிணறுகள் நலமில்லை. அது என் தலைவலி.

லுத்ஃபி அண்ணன் எழுதியிருக்கிறார்: உனக்குப் பால் போதவில்லை, பிள்ளை ஓயாமல் அழுகிறாள் என்று. காரணத்தையும் எழுதியிருக்கிறார். நான் புறப்பட்ட அன்று மதியம் இன்சாஃப் அக்கா உனக்காக ஈரல் கொண்டுவந்தாளாம். பிள்ளை பெற்று நாற்பது நாள் ஆகாதவளின் அறைக்குள் பச்சை இறைச்சியோடு நுழைந்ததால் உன் பால் ‘மூடிக்கொண்டதாம்’. அதற்காக அம்மா, பெற்ற மகளையே வீட்டுப் படி ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டாளாம். படித்துவிட்டுச் சிரித்தேன். கசாப்புக்காரனைக் கட்டிக்கொண்டவள் இறைச்சி கொண்டுவராமல் பூவா கொண்டுவருவாள்?

இந்தக் கதைகளைப் பேச எனக்கு நேரமில்லை. வேலைக்கு வருவோம். லுத்ஃபி அண்ணன் எழுதியதைப் பார்த்தால் நீ பிள்ளை அழும்போதெல்லாம் மார்பில் போடுகிறாய். தப்பு. தொட்டி நிறையுமுன் குழாயைத் திறந்தால் என்ன வரும்? காற்று. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடு. நடுவில் அழுதால் பால்மாவு கரைத்துப் புட்டியில் கொடு. பால்மாவு டப்பாவின் அட்டையிலும் இதைத்தான் அச்சடித்திருக்கிறார்கள். என் அலாரம் கடிகாரம் அலமாரியில் இருக்கிறது. எடுத்து அம்மாவிடம் கொடு. அம்மா சரியாகப் பார்த்துக்கொள்வாள். உனக்கு மனம் இளகிவிடும்.

புரிவதற்காகப் படம் வரைந்திருக்கிறேன். வட்டம்தான் மார்பு, மிதவை இந்தக் கோட்டுக்கு ஏறிய பிறகுதான் திறக்க வேண்டும். சுகாதார நிலையத்தில் எடை பார்த்து எழுது. எண் வேண்டும், ‘நன்றாக இருக்கிறாள்’ வேண்டாம்.

உன்
ஹம்தி

*

மல்லவி அருகே, எகிப்து, எங்கள் வீடு
1990 அக்டோபர் 24

என் பிள்ளையின் தகப்பனாருக்கு நவ்வாரா எழுதுவது. உங்களுக்கு இறைவன் உடம்புச் சுகத்தைத் தரட்டும். மாமியின் முட்டி பரவாயில்லை. எருமை நலம். அதுமட்டும் நேரத்துக்குக் கறக்கிறது.

உங்கள் கடிதம் வந்தது. உங்களுக்கு மறந்திருக்கலாம்: வருகிற கடிதத்தையெல்லாம் லுத்ஃபி மச்சான் மாலையில் கூடத்தில் நின்றுகொண்டு எல்லோருக்கும் படிப்பார். அன்றைக்குப் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஆறு பேர், பால் வாங்க வந்த, பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் முஅத்தின், எல்லோரும் இருந்தார்கள். ‘வட்டம்தான் மார்பு’ என்று படித்த பிறகுதான் மச்சானுக்குக் குரல் அடைத்தது. முஅத்தின் பாத்திரத்தை வைத்துவிட்டே போய்விட்டார். மறுநாள் கொடுத்தனுப்பினோம்.

படத்தை மாமி சுவரில் ஒட்டிவிட்டார்கள். வருகிறவர்கள் “இது என்ன, தண்ணித் தொட்டியா?” என்று கேட்கிறார்கள். “இல்ல, என் மருமக. எஞ்சினியர் மகன் வரைஞ்சு அனுப்பினது” என்கிறார்கள் மாமி.

நீங்கள் சொன்னபடியே நடக்கிறது. கடிகாரம் மாமியின் மடியில் இருக்கிறது. பஸ்மா கதவுக்கு இந்தப் பக்கம் அழுகிறாள், நான் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். மணி அடித்தால் கொண்டுவந்து தருகிறார்கள். அதற்குள் அவள் அழுது களைத்து, வாயில் வைத்தவுடன் தூங்கிவிடுகிறாள். வெந்தயக் கஷாயம், முகாத் வேர்க் கஞ்சி, எள் அல்வா எல்லாம் சாப்பிடுகிறேன்.

எண் கேட்டீர்கள். பிறந்தபோது மூன்று கிலோ இருநூறு. இப்போது மூன்று கிலோ நூறு.

நீங்கள் புறப்பட்ட காலை அடிக்கடி நினைவுக்கு வருகிறது. மஹ்ரூஸின் சவரக் கடையிலிருந்து நேரே உள்ளே வந்து பஸ்மாவை முத்தமிட்டீர்கள். உங்கள் சோப்பு மணம் சாயங்காலம் வரை அவள் கன்னத்தில் இருந்தது. வேறு ஒன்றுமில்லை. சும்மா எழுதினேன்.

நவ்வாரா

*

குஃப்ரா
1990 நவம்பர் 9

நவ்வாரா,

சலாம். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. ஐந்து வாரத்தில் பிள்ளை நூறு கிராம் இறங்கியிருக்கிறாள். நீ சோப்பு மணத்தைப் பற்றி எழுதுகிறாய்!

கடிதத்தைக் கூடத்தில் படிப்பார்கள் என்பது எனக்கு மறந்துதான் போனது. போகட்டும். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? எருமை மடியைப் பற்றி எல்லோரும் பேசவில்லையா?

நாலு மணி நேரம் சரியாக நடக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். அம்மா தொழப் போகும்போது நீ நடுவில் கொடுத்துவிடுகிறாயா? உண்மையைச் சொல். அப்படியில்லை என்றால் நிறைவதற்கு உனக்கு இன்னும் நேரம் வேண்டும் என்று அர்த்தம். பகலில் ஐந்து மணி நேரமாக்கு. புட்டியைக் கூட்டு. லாரி ஓட்டும் ஷஃபீக்கிடம் பால்மாவு டப்பாக்கள் கொடுத்தனுப்புகிறேன். கஷாயம், கஞ்சி எல்லாம் உன் இடுப்பைத்தான் பெருக்கும், பாலை அல்ல.

ஆறு மாதம் முடியாமல் எனக்கு விடுப்பு இல்லை. பாஸ்போர்ட் அலுவலகப் பெட்டியில் பூட்டியிருக்கிறது. இங்கிருந்து நான் செய்ய முடிவது எழுதுவது ஒன்றுதான். அங்கிருந்து நீ செய்ய வேண்டியது, சொன்னதைச் செய்வது.

எடை எழுது. வாராவாரம்.

ஹம்தி

*

மல்லவி அருகே
1990 நவம்பர் 20

என் கண்ணு ஹம்திக்கு அம்மா ஹமீதா சொல்ல, லுத்ஃபி எழுதுவது.

நீ நல்லா இருக்கியாப்பா? சாப்பாடெல்லாம் வயித்துக்கு ஒத்துக்குதா? அங்க குளிருமே, கம்பளிய இடுப்புல சுத்திக்கோ. (இதை மூன்று தடவை எழுதச் சொல்கிறாள். ஒரு தடவை எழுதிவிட்டேன். லுத்ஃபி.)

உன் பொண்டாட்டி சொல்ல மாட்டா, நான் சொல்றேன். பிள்ளைக்கு வயித்தால போகுது. புட்டிப் பால் குடிச்சா கக்குது, குடிக்காட்டி அழுவுது. சுகாதார நிலையத்துக்குத் தூக்கிட்டு ஓடினோம். உப்பு சர்க்கரைத் தண்ணி குடுத்தாங்க. ரெண்டு கிலோ தொள்ளாயிரம்னாங்க. கண்ணு உள்ள போயிடுச்சுடா. அங்க இருக்கற டாக்டரம்மா உன் பொண்டாட்டிய மட்டும் உள்ள கூப்பிட்டு அரை மணி நேரம் பேசினா. வெளிய வந்து ஒண்ணுமே சொல்லல இவ.

நீ அனுப்பின கணக்கு எல்லாம் சரிதான். நான் ஒரு நிமிஷம் பிசகாம மணி பாக்கறேன். ஆனா மூடினத தொறக்காம எஞ்சினியர் கணக்கு என்ன பண்ணும்? நாப்பது நாளைக்குள்ள அந்த ரூமுக்குள்ள பச்சைக் கறி வரக் கூடாது, கத்தரிக்கா வரக் கூடாது, புதுசா தங்கம் போட்டவ வரக் கூடாது, அப்பத்தான் சவரம் பண்ணிட்டு ஆம்பளை வரக் கூடாது, சாவு வீட்டுலேர்ந்து யாரும் வரக் கூடாது. என் மாமியா எனக்குச் சொன்னா, நான் இன்சாஃபுக்குச் சொன்னேன். தெரிஞ்சும் ஈரலத் தூக்கிட்டு வந்தா பாரு!

மூடினவங்களே வந்து தொறக்கணும். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பாங்கு சொல்றப்ப, அவ வந்து நவ்வாராவ ஏழு தடவ தாண்டினா முடிஞ்சுது. வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். “தாண்டினா நான்தான் மூடினேன்னு ஆயிடும், நான் மூடல”ன்னு சொல்லிட்டா. அடுத்த வீட்டுல இருந்துக்கிட்டு, பெத்த அம்மாவுக்கு! ஏழாம் நாள் பஸ்மாவ சல்லடையில போட்டு ஆட்டறப்ப, இவ இன்சாஃப் மகன் ஹிலாலுக்குத்தான்னு ஊரைக் கூட்டி நான் சொன்னேனே, அதுக்காகத்தான் வாய மூடிக்கிட்டு இருக்கேன்.

நீ அவளுக்கு ரெண்டு வார்த்தை காட்டமா எழுது. (எழுதாதே. லுத்ஃபி.)

*

குஃப்ரா
1990 டிசம்பர் 4

அம்மாவுக்கும் நவ்வாராவுக்கும்,

சலாம். நலம் விசாரிப்பதை அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு கிலோ தொள்ளாயிரமா? அது பிறந்த எடைக்கு முந்நூறு கிராம் கீழே! வயிற்றோட்டம் நின்றதா? புட்டியைக் கொதிக்க வைக்கிறீர்களா, வெறுமனே அலசுகிறீர்களா? எந்தத் தண்ணீர்? கால்வாய்த் தண்ணீரா, அடிகுழாய்த் தண்ணீரா? டாக்டர் என்ன சொன்னார்? அரை மணி நேரம் பேசியிருக்கிறார், ஒரு வரிகூட எனக்கு வரவில்லை.

நவ்வாரா, நீ எழுதி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. எழுதக் கை வரவில்லையா? அல்லது எழுத ஏதோ இருக்கிறது, எழுத மாட்டேன் என்கிறாயா?

நேற்று ஒன்பதாம் கிணற்றின் பம்பை ஏற்றும்போது எண்ணிக்கை தப்பி, ஒரு குழாயைக் கீழே நழுவவிட்டேன். நான்! மேற்பார்வையாளர் தேநீர் கொடுத்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

இதைக் கையில் வாங்கியவுடன் எடை பார்த்து எழுது.

ஹம்தி

*

மல்லவி அருகே
1990 டிசம்பர் 18

உங்களுக்கு இறைவன் நல்ல தூக்கத்தைக் கொடுக்கட்டும். எல்லோரும் நலம். குளிர் வந்துவிட்டது. மதியத்தில் மாமி தூங்கும்போது பஸ்மாவை வெயிலுக்காக மாடிக்குக் கொண்டுபோகிறேன். புறாக்களைப் பார்த்து வாயைத் திறக்கிறாள்.

வயிற்றோட்டம் நின்றுவிட்டது. எடை மூன்று கிலோ தொள்ளாயிரம்.

புட்டியைக் குறைத்திருக்கிறோம். உங்கள் அட்டவணை சுவரில் இருக்கிறது.

இனி எனக்கு எழுதுவதைத் தயவுசெய்து இன்சாஃப் மதினி வீட்டு முகவரிக்கு அனுப்புங்கள். கூடத்துக்கு வேண்டாம்.

நவ்வாரா

*

குஃப்ரா
1991 ஜனவரி 3
(இன்சாஃப் வீட்டு முகவரி. நவ்வாராவின் கையில் மட்டும்)

நவ்வாரா,

சலாம். பஸ்மா ஏறியிருக்கிறாள் என்று படித்ததும் பதினேழாம் கிணற்று மேடையில் உட்கார்ந்துவிட்டேன். மற்றவர்கள் வீட்டில் சாவு என்று நினைத்துக்கொண்டு ஓடிவந்தார்கள்.

ஆனால் இரண்டு நாளாக எனக்கு ஒன்று இடிக்கிறது. ஷஃபீக் வந்தான். நவம்பரில் கொடுத்தனுப்பிய டப்பாக்களில் பாதி இன்னும் பிரிக்காமல் வாசலில் இருக்கிறது என்றான். எருமைப் பாலும் கொடுப்பதில்லையாம், அம்மாவே அவனிடம் சொல்லியிருக்கிறாள். நாலு வாரத்தில் ஒரு கிலோ ஏறியிருக்கிறாள். உனக்கோ பால் இல்லை, இருந்திருந்தால் எழுதியிருப்பாய். எடை காற்றிலிருந்து வராது. உள்ளே போகாமல் வெளியே ஏறாது. அப்படியானால் என் மகள் வயிற்றுக்குள் எது போகிறது? யார் கொடுக்கிறார்கள்?

அட்டவணை சுவரில் இருக்கிறது என்று எழுதினாய். சுவரில் இருப்பதைக் கேட்கவில்லை. நடக்கிறதா?

அம்மா விலக்கிவைத்த வீட்டுக்குக் கடிதம் அனுப்பு என்கிறாய். என்ன நடக்கிறது அங்கே? என்னை முட்டாளாக்காதே. நான் தூரத்தில் இருக்கிறேன், செத்துப்போகவில்லை.

ஹம்தி

*

மல்லவி அருகே, உன் அக்கா வீடு
1991 ஜனவரி 17

டேய் ஹம்தி,

உன் தலையில எண்ணெய் வை. மச்சான் நல்லா இருக்கார், ஆட்டை வெட்டறார். ஹிலாலுக்கு நாலு பல் வந்தாச்சு, கடிக்கறான். மத்தபடி எல்லாரும் நலம். உன் பொண்டாட்டி உன் கடிதத்தப் படிச்சிட்டு என் அடுப்புப் பக்கம் உக்காந்து அழுதா. அதனால அவளுக்குப் பதிலா நான் எழுதறேன். இதுல ஒரு வார்த்தை கூடத்துல போச்சுன்னா, நீ வரும்போது கத்தியத் தீட்டி வைக்கறேன்.

யார் குடுக்கறாங்கன்னு கேட்டியா? நான் குடுத்தேன். ஏழெட்டு வாரமா.

அந்த டாக்டரம்மா இவகிட்ட என்ன கேட்டாங்க தெரியுமா? “நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவன்னு யார் சொன்னது?”ன்னாங்க. இவ உன் படத்தப் பத்திச் சொல்லியிருக்கா. “உன் புருஷன் தொட்டி ரிப்பேர் பண்றவரா?”ன்னு சிரிச்சாங்களாம். சிரிச்சிட்டு, “இது தொட்டி இல்லம்மா. எடுத்தாத்தான் வரும். எடுக்காட்டி, வேண்டாம் போலருக்குன்னு உடம்பு நிறுத்திடும். கேக்கறப்பல்லாம் குடு, ராத்திரியும் குடு, புட்டியக் கொஞ்சங்கொஞ்சமா நிறுத்து”ன்னாங்க.

ஆனா பஸ்மாவுக்குச் சப்ப ஏதுடா தெம்பு? பூனைக்குட்டி மாதிரி இருந்தா. அத இவ மாடியில சுவருக்கு அந்தப் பக்கம் நின்னு எங்கிட்ட சொன்னா. எங்க வீட்டு மாடிக்கும் உங்க வீட்டு மாடிக்கும் நடுவுல இருக்கற குட்டைச் சுவர் உனக்குத் தெரியுமே, சோளத்தட்டை அடுக்கியிருக்கற இடம். அம்மா மதியம் லுஹர் தொழுதுட்டுக் கண்ணசர்ற நேரம் நான் தாண்டிப் போவேன். ஹிலாலை இவகிட்ட போடுவேன். அந்த மாட்டுக்கு யார் மாருன்னெல்லாம் கவலையில்ல, இழுத்தான் பாரு! இவ பல்லைக் கடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தா. அந்த நேரத்துல பஸ்மா எங்கிட்ட குடிச்சா. முதல் நாளு ஒண்ணும் வரல. அடுத்த நாளும் வரல. இவ “விடுங்க மதினி, என் உடம்பு அவ்வளவுதான்”னு அழுதா. “வாய மூடிட்டுப் போடுடீ”ன்னேன். அப்புறம் ஒரு நாளு ஹிலால் சப்பிட்டு நிமிந்தான், தாடையெல்லாம் வெள்ளை. ரெண்டு பேரும் அங்கயே உக்காந்து சத்தமில்லாம சிரிச்சோம். இப்ப இவகிட்டயே போதும்ங்கற அளவுக்கு வந்தாச்சு. நான் நிறுத்திட்டேன்.

இதுல எனக்கு என்ன போச்சுன்னும் தெரிஞ்சிக்கோ. அம்மா ஊரைக் கூட்டி ஹிலாலுக்கு பஸ்மான்னு சொன்னது முடிஞ்சுது. ஒரே பால் குடிச்சவங்களுக்கு மார்க்கத்துல கல்யாணம் ஆகாது. இனி அவன் அவளுக்கு அண்ணன்தான். நான் யோசிச்சுத்தான் செஞ்சேன். மருமக வேணும்னு பொண்ணைச் சாகவிடவா?

உன் கடிகாரம்தான்டா அவளைக் காய வச்சுது. ஈரல் இல்ல. ஆனா அம்மாகிட்ட இத யார் சொல்றது? “என் எஞ்சினியர் மகன் கணக்கு”ன்னு அவங்களுக்குக் குர்ஆனுக்கு அடுத்தது அதுதான். பால் திரும்பினது உன் அட்டவணையாலன்னு நினைச்சிக்கிட்டிருக்காங்க. நான் வந்து தாண்டறவரைக்கும் படியேறக் கூடாதுன்னு இன்னும் சொல்றாங்க. திருடி மாதிரி மாடி வழியாப் போறேன், எங்கம்மா வீட்டுக்கு.

இன்னொண்ணு. நவ்வாராவுக்கு ஏதோ தெரியும், எங்கிட்ட சொல்ல மாட்டேங்கறா. “மதினி, நீங்க வரதுக்கு முன்னாடியே, அவர் போற அன்னிக்குக் காலையில...”ன்னு ஆரம்பிப்பா, நிறுத்திடுவா. என்னன்னு நீயே கேளு.

இன்சாஃப்

*

மல்லவி அருகே
1991 பிப்ரவரி 2

உங்களுக்கு,

நலம் கேட்க நேரமில்லை, மன்னியுங்கள். ஷஃபீக் வாசலில் லாரியை நிறுத்திவைத்திருக்கிறான், அவன் கையிலேயே கொடுக்கிறேன்.

நேற்று மதியம் மாமி மாடிக்கு வந்துவிட்டார்கள். மதினி சும்மா பார்க்கத்தான் வந்தார்கள். பஸ்மா பழக்கத்தில் அவர்கள் மார்பில் முகத்தைத் தேய்த்து வாயைத் திறந்தாள். மதினியும் கொடுத்தார்கள். மாமி பார்த்தது அந்த நேரம்.

மாமி கத்தவில்லை. கத்தியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். “மூடினவ பாலையே என் பேத்தி வாயில வச்சியா?” என்றார்கள். கீழே போய் என் அண்ணனுக்கு ஆள் அனுப்பச் சொல்லிவிட்டார்கள். நோன்பு பிறப்பதற்குள் நான் என் பிறந்த வீட்டுக்குப் போய்விட வேண்டுமாம், பஸ்மா இங்கேயே இருக்க வேண்டுமாம், புட்டி குடிப்பாளாம். உங்கள் அட்டவணைப்படி.

ஐந்து கிலோ நூறு. இப்போது என் பால் மட்டும்தான். நான் போனால் மறுபடி என்ன ஆகும் என்று உங்களுக்கு எழுத வேண்டாம்.

லுத்ஃபி மச்சான் உங்கள் பதில் வரும்வரை பொறுக்கச் சொல்லி மாமியைப் பிடித்துவைத்திருக்கிறார். மாமி சரி என்றார்கள். “ஹம்தி சொன்னா சரி” என்றார்கள்.

மதினி உங்களுக்கு ஏதோ எழுதியிருப்பார்கள். அன்றைக்குக் காலையைப் பற்றி நான் மாமியிடம் சொல்லவில்லை. கேட்டால் மட்டும் சொல்லியிருப்பேனா, அதுவும் தெரியவில்லை. நீங்கள் இல்லாத வீட்டில் உங்கள்மேல் பழி போட்டவள் என்று இருக்க எனக்கு இஷ்டமில்லை.

நவ்வாரா

*

குஃப்ரா
1991 பிப்ரவரி 9, சனிக்கிழமை, காலை ஆறு மணி
ஷஃபீக்கின் லாரி கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கிறது.

லுத்ஃபி அண்ணனுக்கு,

சலாம். அண்ணியும் பிள்ளைகளும் நலமா? இந்தக் கடிதத்தை மாலையில் கூடத்தில் நின்று, சத்தமாக, முதல் கடிதத்தைப் படித்ததுபோலவே படிக்கவும். பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிடவும். நவ்வாராவின் அண்ணன் வந்திருந்தால் அவரையும் உட்கார வைக்கவும். இன்சாஃப் அடுத்த வீட்டு மாடியில் நின்றாவது கேட்கட்டும். குரல் அடைத்தால் தண்ணீர் குடித்துவிட்டுப் படியுங்கள்.

அம்மா, நீ நல்லா இருக்கணும். உன் முட்டிக்கு இங்கிருந்து தைலம் வாங்கி வைத்திருக்கிறேன்.

இன்சாஃப் மூடவில்லை. மூடினது நான்.

நான் கிளம்பின அன்று காலை மஹ்ரூஸின் கடையில் சவரம் செய்துகொண்டேன். தாடையில் வெட்டுப்பட்டு ரத்தம் வந்தது. வெள்ளைப் படிகாரக் கல்லை வைத்து அழுத்தினான். அவனையே கேள், மறந்திருக்க மாட்டான், நான் திட்டின திட்டுக்கு. அங்கிருந்து நேரே வீட்டுக்கு வந்து, யாரையும் கேட்காமல் நவ்வாராவின் அறைக்குள் போனேன். பிள்ளை பிறந்து பத்தாம் நாள். நீ அடுப்படியில் எனக்கு வழிச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தாய், பார்க்கவில்லை. இன்சாஃப் ஈரலோடு வந்தது அன்று மதியம். அதற்கு முன்னாலேயே நான் உள்ளே போயாயிற்று. சவரம் செய்த ஆண் வரக் கூடாது என்று எனக்கு எழுதிய கடிதத்தில் நீயே சொல்லியிருக்கிறாய். அண்ணன் கையெழுத்தில் இருக்கிறது.

நவ்வாராவுக்கு இது முதல் நாளிலிருந்து தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழி என்மேல் வந்திருக்கும். சொல்லவில்லை. அம்மா, அவளை இதற்காகவா அனுப்பப் போகிறாய்?

உனக்கு இதில் நம்பிக்கை உண்டா ஹம்தி என்று யாரும் கேட்க வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.

இன்னொன்றும் நடந்தது. அதில் எனக்கு நம்பிக்கை உண்டு. அந்தச் சுவரில் இருக்கும் படம் தப்பு. கடிகாரமும் தப்பு. இங்கே புதுக் கிணறு போட்டால், முதலில் ஓயாமல் இறைப்போம். விட்டு விட்டு இறைப்போம், வேகமாக இறைப்போம், மணல் வரும், சேறு வரும், அப்புறம்தான் ஊற்று திறக்கும். பொறுத்து, நிறையட்டும் என்று சும்மா விட்ட கிணறு அடைத்துக்கொள்ளும். என் டிப்ளமோவில் இது ஒரு தனிப்பாடம். தினமும் செய்கிறேன். என் மனைவிக்கு எழுதும்போது தொட்டி வரைந்தேன். ஊற்றைத் தொட்டி என்று நினைத்தவனை நீ எஞ்சினியர் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

ஆக, ஒரு தடவை உன் கணக்கில் மூடினேன், ஒரு தடவை என் கணக்கில் மூடினேன். இரண்டிலும் இன்சாஃப் கை கிடையாது. அவள் திறந்தவள். ஹிலாலுக்கும் பஸ்மாவுக்கும் நீ சொன்ன கல்யாணம் இனி இல்லை, அம்மா. வருத்தமாக இருந்தால் என்னைத் திட்டு. பஸ்மாவுக்கு ஓர் அண்ணன் கிடைத்திருக்கிறான், வாயில் நாலு பல்லோடு.

‘ஹம்தி சொன்னா சரி’ என்றாயாம். ஹம்தி சொல்கிறான்: நவ்வாரா எங்கேயும் போக வேண்டாம். படத்தை இப்போதே, அண்ணன் படித்து முடிக்குமுன், கிழித்துப்போடு. புட்டியை எடுத்து வை.

என் விடுப்பு மார்ச் கடைசியில். நோன்பு மாதத்தில் வருகிறேன். நான் செய்யப் போவது:

1. இன்றிலிருந்து சவரம் இல்லை. தாடியோடு வருவேன். மஹ்ரூஸின் கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன்.

2. பேருந்திலிருந்து இறங்கியதும் முதலில் இன்சாஃப் வீடு. அவளைக் கூட்டிக்கொண்டு நம் வீட்டுக்குத் தெரு வழியாக, முன்கதவு வழியாக வருவேன். அவள் திட்டிக்கொண்டே வருவாள், வரட்டும்.

3. மூடினவரே திறக்க வேண்டும் என்றாய். முதல் வெள்ளிக்கிழமை, பாங்கு சொல்லும்போது, நவ்வாராவை ஏழு தடவை தாண்டுவேன். அவள் சிரித்தாலும் நிறுத்த மாட்டேன்.

4. அலாரம் கடிகாரத்தைத் திரும்பி வரும்போது குஃப்ராவுக்கு எடுத்துவந்துவிடுவேன். கிணறுகளுக்கு அது வேண்டும்.

5. எடை கேட்க மாட்டேன். ஒரு தடவை மட்டும் கேட்பேன்.

6. நவ்வாரா பால் கொடுக்கும்போது அறைக்கு வெளியே, மாடிப்படியில் உட்கார்ந்திருப்பேன். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. அவள் கூப்பிட்டால் உள்ளே போவேன்.